வலது பக்கத்து மாத்திரை

எங்கள் அலுவலகத்தில் நான் பார்க்கும் வேலைக்கு அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் அச்சாகியிருக்கிறது. அதை நான் முழுதாக வாசித்ததில்லை. கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னைப் "பக்கம் போடுத அண்ணாச்சி" என்பார்கள். அதுதான் பொருத்தமான பெயர். வலது, இடது என்று பக்கம் போடுவதுதான் என் வேலை. அதில்தான் தப்புப் பண்ணினேன்.

எங்களுக்கு வருபவை மனிதர்களுடைய மூளைப் படங்கள். எங்கோ தூரத்து ஊர் ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் எடுத்தவை. ஒரு தலையை, ரொட்டியை அறுத்தது போல, சீவல் சீவலாகக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். ஒவ்வொரு தலைக்குள்ளும், இரண்டு காதுக்கும் நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாகச் சுண்டுவிரல் நீளத்தில் வளைந்த ஒரு பகுதி இருக்கிறது. ஹிப்போகேம்பஸ் என்று பெயர். மனுசனுக்கு ஞாபகம் நிற்பதற்கு அது வேண்டுமாம். அந்தப் பெயர் எங்கள் வாயில் நுழைய ஒரு வாரம் ஆயிற்று. அதுவரைக்கும் அதைப் புளியங்காய் என்று சொல்லிக்கொண்டோம். பிறகும் அப்படியே நின்றுவிட்டது.

பிள்ளைகள் ஒவ்வொரு சீவலிலும் புளியங்காயின் ஓரத்தைச் சுற்றி மவுஸால் கோடு போடுவார்கள். எல்லாச் சீவலும் முடிந்ததும் கோடுகள் சேர்ந்து ஒரு முழு உருவமாக எழும்பி நிற்கும். கடைசியாக அது என்னிடம் வரும். கோடு எங்கேயாவது பிசிறடித்திருக்கிறதா என்று பார்த்து, இது வலது, இது இடது என்று போட்டு அனுப்ப வேண்டும்.

எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. நானே பலமுறை கேட்டுக்கொண்டதுதான். இருபது வருஷம் விசைத்தறிக் கூடத்தில் மடிப்பில் இருந்தேன். நெய்து வரும் துணியை மேசையில் இழுத்துப் போட்டு, இழை அறுந்த இடம், எண்ணெய்க் கறை, முடிச்சு என்று குறை பார்த்து மடிக்கிற வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி இளைப்பு வந்தது. தறிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது ராஜபாளையம் ரோட்டில் ஒரு மாடியில் இந்த அலுவலகம் திறந்தார்கள். கதவு திறக்க, கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். பிள்ளைகள் அப்போது ரோட்டுப் படங்களில் காரையும் மாட்டையும் சுற்றிக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்று, "அந்த மாட்டுக்கு வாலு வெளிய நிக்கி" என்று நான் சொல்லப்போக, முதலாளி என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

உட்கார்ந்த நாளிலிருந்து ஒரே பயம்தான். யாராவது ஒரு காகிதத்தை நீட்டி இதை வாசியுங்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். தமிழை வாசிப்பேன். பேப்பரில் ஒரு வரி விடமாட்டேன். இங்கிலீஷ் என்றால் எழுத்து எழுத்தாகத் தெரியும், சேர்த்தால் சொல் வராது. ஸ்கூலை விட்டதே அந்தப் பரீட்சைக்குப் பயந்துதான். அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. முதலாளி கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

மூளைப் படங்கள் வந்தபோது அவற்றோடு ஒரு மேடமும் வந்தார். இந்த ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிறவர். வேறு ஊர்க்காரர். நேரில் வந்தது இரண்டு தடவைதான், மற்ற நாளெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் வருவார். முதல் நாள் எங்கள் ஆறு பேரையும் உட்கார வைத்து, எதற்காக இது என்று பொறுமையாகச் சொன்னார். ஞாபகம் தப்புகிற வியாதிக்காரர்கள் ஒரு கூட்டம். வியாதி இல்லாதவர்கள் ஒரு கூட்டம். எல்லாருடைய புளியங்காயையும் எடுத்து, ஒரே நிலையில் நிறுத்தி, ஒரே திசையில் திருப்பி, ஒரே அளவுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு ஒவ்வொன்றின் மேலும் புள்ளிகளை நடுவார்கள். இவருடைய பத்தாவது புள்ளி அவருடைய பத்தாவது புள்ளி இருக்கிற இடத்திலேயே இருக்கும். அப்புறம் கூட்டத்துக்குக் கூட்டம் கணக்குப் போட்டுப் பார்த்தால், வியாதிக்காரர்களுக்கு எந்த இடத்தில் குழி விழுந்திருக்கிறது, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பொதுவாகத் தேய்ந்தது என்று சொன்னால் போதாதாம், எங்கே என்று சொல்ல வேண்டுமாம். எந்தப் பக்கம் முதலில் என்றும் சொல்ல வேண்டுமாம்.

"நீங்க போடுற கோடு ஒரு மயிரிழை உள்ள போயிட்டா, அது நோய் மாதிரியே தெரியும்" என்றார் மேடம்.

எந்தத் தலை எந்தக் கூட்டம் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். பேர், வயது எதுவும் கிடையாது, வெறும் நம்பர். தெரிந்தால் நம் கை தானாகச் சுருக்கிப் போட்டுவிடும் என்றார். அதுபோக, போட்ட தலையையே வேறு நம்பரில் மறுபடி அனுப்பி வைப்பார்கள். இரண்டு தடவையும் ஒரே மாதிரிப் போடுகிறோமா என்று பார்க்க.

முதல் நாளே குழப்பம் பக்கத்தில்தான் வந்தது. இந்தப் படங்களில் ஆள் மல்லாக்கப் படுத்திருக்க, நாம் காலடியில் நின்று பார்ப்பதுபோல இருக்கும். அதனால் படத்தில் நமக்கு இடது கைப் பக்கம் தெரிவது அவருக்கு வலது. மேடம் மூன்று தடவை சொல்லியும் பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கரிவலத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண், என் பக்கத்து நாற்காலிக்காரி, வாய் நீளம். "இவுகளுக்கு நம்ம திரும்பிப் படுத்துப் பாக்கணுமோ" என்று முணுமுணுத்தாள்.

எனக்கு அது பட்டென்று பிடிபட்டது. நான் அதுவரை வாயே திறக்காதவன், அன்றைக்கு என்னவோ எழுந்து சொல்லிவிட்டேன்.

"ஏ பிள்ளைகளா, சங்கரநாராயணர் சன்னதியில சாமியப் பாத்து நிக்கோம்லா. சாமிக்கு வலது பாதி சிவன், இடது பாதி பெருமாள். நமக்குச் சிவன் எந்தக் கைப் பக்கம் நிக்காரு?"

எல்லாரும் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். இடது கை.

"அவ்வளவுதான். சிவன் பக்கம் வலது."

மேடம் சிரித்துவிட்டார். இதுக்கு மேல நான் என்ன பாடம் எடுக்கிறது என்றார். அன்றிலிருந்து அலுவலகத்தில் வலது என்ற சொல்லே போயிற்று. "அண்ணாச்சி, சிவன் முடிஞ்சிது, பெருமாள் பாதி நிக்கி" என்பார்கள். பக்கம் போடுகிற வேலை மொத்தமாக என்னிடம் வந்ததும் அதனால்தான். அந்த ஒரு நாள் மட்டும் நான் பயமில்லாமல் வீட்டுக்குப் போனேன் என்று ஞாபகம்.

முதல் கட்டுப் படங்கள் நல்லபடி முடிந்தன. சித்திரையில் இரண்டாவது கட்டு வந்தது. வேறு ஆஸ்பத்திரி, பழைய மெஷின். படம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். முதல் கட்டில் மூலையில் சின்னதாகப் பக்கத்தைக் காட்டும் ஒரு எழுத்து இருக்கும், இதில் அது இல்லை. இதோடு ஒரு பக்கம் அச்சடித்த ஒரு தாளும் வந்தது. பக்கம் போடுகிறவர் வாசித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று முதலாளி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முழுக்க இங்கிலீஷ். நடுவில் இரண்டு வரி தடித்த எழுத்தில் இருந்தது. நான் தாளைக் கையில் பிடித்து, கண்ணை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினேன். வாசிக்கிறவர்கள் எவ்வளவு நேரம் எடுப்பார்கள் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவ்வளவு நேரம் பிடித்திருந்தேன். கரிவலத்துப் பெண் பஸ்ஸுக்குப் பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி போட்டுருக்கு? புதுசா எதும் செய்யணுமா?"

"ஒண்ணுமில்ல தாயி. எல்லாம் பழைய மாதிரிதான்."

அவளிடம் தாளை நீட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் வாசித்துச் சொல்லியிருப்பாள். டிகிரி படித்தவள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் கையெழுத்தைப் போட்டேன். கையெழுத்து மட்டும் நான் இங்கிலீஷில் போடுவேன், அழகாக இருக்கும்.

நான்கு மாதம் அந்தக் கட்டு ஓடியது. எல்லாத் தலைக்கும் சிவன் பக்கம் வலது என்று போட்டுக்கொண்டே வந்தேன்.

அந்தப் படங்களில் சிலவற்றில் ஒன்றைக் கவனித்தேன். மண்டைக்கு வெளியே, நெற்றிப் பொட்டோரம், தோலை ஒட்டினாற்போல ஒரு வெள்ளைத் துளி. மல்லிகை மொட்டை ஒட்டி வைத்தது மாதிரிப் பளிச்சென்று இருக்கும். எல்லாத் தலையிலும் கிடையாது. இருந்தால் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். மூளைக்கு வெளியே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் பிள்ளைகள் கோடு போடுவார்கள் என்பதால் துளியும் மண்டையோட்டோடு சேர்ந்து அழிந்துவிடும். அவர்களுக்கு அது ஒரு அழுக்கு. எனக்கு அது மனசை விட்டுப் போகவில்லை. குறை பார்த்தே பழகிய கண். நகை நட்டோடு அந்த மெஷினுக்குள் விடமாட்டார்கள் என்பது தெரியும். அப்படியானால் கட்டியா? கொழுப்புக் கட்டியா, இல்லை வேறே மாதிரியா? ஆஸ்பத்திரிக்காரர்கள் மூளையைப் பார்த்து, தோலில் இருப்பதைக் கவனிக்காமல் விட்டிருந்தால்? அந்த ஆட்களுக்கு யார் சொல்வார்கள்?

ஒரு நாள் பெரிய துளியோடு ஒரு தலை வந்தது. அன்றைக்கு மேடம் திரையில் வரும் நாள். எல்லாரும் சந்தேகம் கேட்டு முடித்த பிறகு, நான் கேட்டேன். மேடம், இந்த ஆளுக்குத் தோலில் ஒரு கட்டி இருக்கிற மாதிரித் தெரிகிறது, ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடலாமா என்று.

அவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கட்டி இல்லண்ணா. அதுதான் அந்த மாத்திரை. வைட்டமின் மாத்திரை, எண்ணெய் மாத்திரை இருக்குல்ல. ஆளோட வலது பக்கம் ஒட்டிட்டு ஸ்கேன் எடுப்பாங்க. தாள்ல போட்டிருந்தேனே."

"ஆமா மேடம்" என்றேன்.

திரையில் அந்தத் துளி பெருமாள் பக்கம் இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு வந்ததை எப்படிச் சொல்வது. தறியில் பாவு நூல் முழுக்க அறுந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு கையை வைக்க முடியாமல் நிற்பது மாதிரி இருந்தது. மேடம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நான் வாஷ் பேசினில் முகம் கழுவிவிட்டு வந்து, போட்டு முடித்த தலைகளை, மண்டையோட்டை அழிக்கும் முன் இருந்த படத்தில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மாத்திரை சிவன் பக்கம். அடுத்தது பெருமாள் பக்கம். அடுத்ததும் பெருமாள் பக்கம். அடுத்ததில் மாத்திரையே இல்லை. அந்தக் கட்டு முழுவதும் ஒரே மாதிரி இல்லை. சில தலைகள் முன்னாலிருந்து பார்ப்பதுபோல், சில தலைகள் பின்னாலிருந்து பார்ப்பதுபோல். நான் எல்லாவற்றுக்கும் ஒரே சாமியைக் காட்டிப் பக்கம் போட்டிருக்கிறேன்.

அந்தத் தாளை அன்றைக்குத்தான் வாசித்தேன். மாடிப்படியில் நின்று, செல்போனில் படம் பிடித்து, தமிழுக்கு மாற்றிக் கொடுக்கும் வசதியில் போட்டேன். அரை நிமிஷம். தடித்த எழுத்து இரண்டு வரியும் தமிழில் வந்து நின்றன. மாத்திரை இருக்கும் பக்கமே வலது. மாத்திரை இல்லாத படங்களுக்குப் பக்கம் போட வேண்டாம், தனியாக எடுத்து வைத்து உடனே எங்களிடம் கேட்கவும்.

நான்கு மாதமாக அந்தப் போன் என் சட்டைப் பையிலேயேதான் இருந்தது.

திங்கட்கிழமை அது. வெள்ளிக்கிழமை எல்லாத் தலைகளும் கணக்குக்குப் போகின்றன என்று முதலாளி சொல்லியிருந்தார். பக்கம் மாறிப் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். வியாதி ஒரு பக்கத்தை முதலில் தின்கிறது என்றால், தேய்ந்த வலதும் தேயாத இடதும் ஒன்றோடொன்று கலந்து, இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று வந்து நிற்கும். சொன்னால், ஏன் தாளை வாசிக்கவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் நாற்காலி போய்விடும். போனால் எனக்குத் தறி மட்டும்தான் தெரியும், தறியில் என்னால் மூச்சு விட முடியாது. செவ்வாயும் புதனும் இப்படியே போயின. கோடு பிசிறு பார்க்கிறேன் என்று ஒரே தலையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அண்ணாச்சி, அந்தத் தலைக்கே பொறுமை போயிரும்" என்றாள் கரிவலத்துப் பெண்.

புதன் சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். வேண்டிக்கொள்ளப் போகவில்லை. எனக்கே நம்பிக்கையில்லாமல் போயிருந்தது. நான் முதலில் சொன்னதாவது சரிதானா, சிவன் நமக்கு இடது கைப் பக்கம்தானா என்று பார்த்துவிட வேண்டும். நடுச் சன்னதியில் நின்று பார்த்தேன். சரிதான். பிறகு பின்னாலிருந்து பார்த்தால் எப்படி வரும் என்று தெரிந்துகொள்ள, சாமிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு கையையும் லேசாகத் தூக்கினேன். இப்போது சிவன் என் வலது கைப் பக்கம்.

வரிசையில் வந்த ஒரு ஆச்சி, கையில் துளசியோடு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏய்யா, சாமிக்குக் குண்டியக் காட்டிக்கிட்டு என்ன வேண்டுதல்?"

"பக்கம் பாக்கேன் ஆச்சி."

"நல்லாப் பாத்த. திரும்பு, தீபாராதனை காட்டப் போறாங்க."

திரும்பினேன். விபூதி கொடுத்தார்கள், தீர்த்தம் கொடுத்தார்கள். எதை எந்தக் கையில் வாங்கினேன் என்று தெரியவில்லை.

அதுவரை வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. பெண்டாட்டிக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். அம்மன் சன்னதிப் புற்றுமண்ணை எடுத்து என் நெற்றியில் வைத்துவிட்டு, இளைப்பா என்று கேட்டாள். இல்லை என்றதும், அப்படியானால் ஆபீஸ் என்றாள். நடந்ததைச் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும், அதை நான் அலுவலகத்தில் மறைத்து வைத்திருப்பதுதான் தெரியாது.

"அந்தத் தலைக்காரவுக வந்து கேக்கவா போறாக?" என்றாள்.

"கேக்கமாட்டாக."

"அப்ப நீங்கதான் சொல்லணும்."

தோசைக் கல்லைப் போடப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலையில் மேடத்துக்குப் போன் போட்டேன். திரையில் வேண்டாம், முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று. பாவனை பண்ணாமல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இரண்டாவது கட்டு முழுக்க நான் சாமி பக்கம் பார்த்துத்தான் போட்டேன், மாத்திரையைப் பார்க்கவில்லை, தாளை நான் வாசிக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"கையெழுத்து மட்டும்தான் மேடம் தெரியும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாத்திரை இருக்கிறதையெல்லாம் சரி பண்ணிவிடலாம் மேடம், இன்றைக்கே உட்கார்ந்து முடித்துவிடுகிறேன் என்றேன். இல்லாததைத் தனியாக எடுத்து அனுப்பி வைக்கிறேன், நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். நான்கு நாளாக அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். உடனே எங்களிடம் கேட்கவும் என்று தாளில் இருக்கிறதே. கேட்டால் சொல்லிவிடுவார்கள் அல்லவா.

"யார்கிட்ட கேக்குறது?" என்றார் மேடம். குரலில் கோபமே இல்லை. "அந்தப் பழைய மெஷினை எடுத்துட்டாங்கண்ணா. போன மாசம். அதுல இருந்த கம்ப்யூட்டரும் போச்சு. ஒவ்வொரு ஆளையும் எப்படிப் படுக்க வச்சாங்க, படத்தை எந்தப் பக்கம் திருப்பினாங்கங்கிறது அதுக்குள்ளதான் இருந்துச்சு. அது இருந்த வரைக்கும் நான் கேட்டுச் சொல்லியிருப்பேன்."

"படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா மேடம்?"

"மூளை ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணுபோலத்தான் இருக்கும். இப்படித்தான் இருக்கும்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. அப்படி முடிவு பண்ணினா இந்த ஆராய்ச்சியே வேண்டாமே."

அப்படியென்றால் அந்தத் தலைகள் என்று இழுத்தேன். விட்டுவிட வேண்டியதுதான் என்றார். பக்கம் தெரியாததைக் கணக்கில் சேர்க்க முடியாது. கணக்கை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்கிறேன், நீங்கள் ஒவ்வொரு தலையாகப் பார்த்து மாத்திரை இருக்கிறது, இல்லை என்று பட்டியல் போடுங்கள் என்றார். நானா என்று கேட்டேன். "வேற யாருக்கு அந்தத் துளி கண்ணுல பட்டுச்சு?" என்றார். அது பாராட்டா, குத்திக்காட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் நாற்காலியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. முதலாளிக்கு அவர் என்ன சொன்னார் என்பதும் தெரியாது. முதலாளி வந்து என் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். இனிமேல் தாள் எதுவும் வந்தால் அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பிள்ளை, கரிவலத்துக்காரி, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

"என்ட்ட நீட்டியிருக்கலாம்லா அண்ணாச்சி."

"நீட்டியிருக்கலாம்."

"நான் என்ன சிரிக்கவா போறேன்." சொல்லிவிட்டு அவளே யோசித்தாள். "சிரிச்சிருப்பேன். சிரிச்சிட்டு வாசிச்சிருப்பேன்."

பட்டியல் போட ஐந்து நாள் ஆயிற்று. அவள் நம்பரைச் சொல்வாள், நான் தலையைத் திறப்பேன். முதல் சீவலிலிருந்து கடைசிச் சீவல் வரை தோலோரமாகவே ஒரு சுற்று. மாத்திரை தெரிந்தால் வலது எது என்று மாற்றிப் போட்டுவிடுவேன், அந்தத் தலை பிழைத்தது. தெரியாவிட்டால் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பேன். படம் வெள்ளையடித்துப் போகும்வரை கூட்டுவேன். காது மடலை மாத்திரை என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியிருக்கிறது. "அது காது அண்ணாச்சி" என்பாள் அவள். தெரியும் என்பேன். தெரியாது என்ற கட்டத்தில் நம்பர் ஏறும்.

முப்பத்தொன்று ஏறியது.

அந்த முப்பத்தொரு பேரும் எங்கேயோ ஒரு ஊரில் அந்த மெஷினுக்குள் அசையாமல் படுத்திருக்கிறார்கள். அரை மணி நேரமாவது ஆகுமாம். உள்ளே தறிக்கூடம் மாதிரிச் சத்தம் இருக்கும் என்று மேடம் முதல் நாள் சொல்லியிருந்தார். தறிச் சத்தத்தில் அசையாமல் படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சிலருக்கு எதற்காகப் படுக்கச் சொல்கிறார்கள் என்பதே பாதியில் மறந்து போயிருக்கும். கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர்கள் வெளியே உட்கார்ந்திருந்திருப்பார்கள். நம்மால் நாலு பேருக்கு நல்லது நடக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள், வாசித்தோ வாசிக்காமலோ.

அதில் ஒரு தலையை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சோதனைக்காக இரண்டு நம்பரில் இரண்டு தடவை வந்தது. இரண்டாவது தடவையே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தத் தறித் துணி என்று மடிப்பிலேயே சொல்கிறவனுக்கு அது தெரியாமல் இருக்குமா. ஒரு பக்கத்துப் புளியங்காய் முழுசாகக் கொழுகொழுவென்று இருக்கும். மறு பக்கத்தது நுனியிலிருந்து பாதி வரை ஒட்டிப் போய், வெயிலில் கிடந்த வெறும் புளியந்தோடு மாதிரி. மேடம் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று நான் நினைத்தேன். கோடு போட்ட பிள்ளை ஒரு மயிரிழைகூட விலகவில்லை. எங்கள் அலுவலகத்திலேயே அவ்வளவு சுத்தமாகப் போட்ட தலை வேறு கிடையாது.

கடைசி நாள் அதைத் திறந்தோம். இரண்டு நம்பரிலும் திறந்து பார்த்தேன், ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருந்துவிடாதா என்று. ஒரே படம்தானே. மூன்று சுற்று வந்தேன். இரண்டு பொட்டிலும் ஒன்றுமில்லை. யாரோ ஒட்ட மறந்திருக்கிறார்கள், அல்லது ஒட்டியது வியர்வையில் விழுந்திருக்கிறது. அவளுக்குப் பஸ் நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் பையை மாட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எழுதட்டுமா அண்ணாச்சி?"

இன்னொரு சுற்று பார்த்துவிடுகிறேன் என்று, முதல் சீவலுக்கு மறுபடியும் போனேன்.